புட்டியின் பின்பக்கம்



1993-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் ஓடியது. இரவு நேரம். துப்பாக்கி ஏந்திய படை ஒன்று ஒரு வீட்டுக்குள் பாய்கிறது. அவர்கள் தேடி வந்த ஆள் நடிகர் மெல் கிப்சன். அவர் கையில் இருந்த பொருள்? வைட்டமின் புட்டி! அரசாங்கம் உங்கள் வைட்டமினில் கை வைக்கப் பார்க்கிறது, விடாதீர்கள் என்று மக்களை உசுப்பிவிட்ட விளம்பரம் அது.

வெறும் கற்பனை என்று இதைத் தள்ளிவிட முடியாது, நேயர்களே. முந்தைய ஆண்டு, 1992 மே 6-ஆம் தேதி, சியாட்டில் நகருக்கு அருகே கென்ட் என்ற ஊரில் ஜோனதன் ரைட் என்ற மருத்துவரின் சிகிச்சை நிலையத்துக்குள் அமெரிக்க அரசின் உணவு மருந்து நிர்வாக அதிகாரிகள் ஆயுதம் தாங்கிய போலீசாருடன் நுழைந்தார்கள். இயற்கை முறைச் சிகிச்சைக்குப் பெயர் போன இடம் அது. வைட்டமின் ஊசி மருந்துகளையும் ஆவணங்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். மருந்தின் மேல் சந்தேகம் வந்தால் சோதிக்க வேண்டியதுதான். ஆனால் வைட்டமினைச் சோதிக்கத் துப்பாக்கி எதற்கு? கடைசியில் அந்த மருத்துவர் மேல் குற்றவழக்கே போடப்படவில்லை. மக்களுக்குக் கோபம் வராதா? வந்தது. அந்தக் கோபத்தில் நியாயமும் இருந்தது.

1993 ஆகஸ்டில் இயற்கை உணவுக் கடைக்காரர்கள் அலமாரிகளைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். கட்டுப்பாடு வந்தால் இவையெல்லாம் கிடைக்காது என்று வாடிக்கையாளருக்குக் கண்ணால் காட்டத்தான் இந்த ஏற்பாடு. நாடாளுமன்றத்துக்குக் கடிதங்கள் மூட்டை மூட்டையாகப் போய்ச் சேர்ந்தன. எழுதியவர்களின் பயம் உண்மையானது. எழுதத் தூண்டியவர்களில் பலர் அந்தப் புட்டிகளை விற்றுப் பிழைத்தவர்கள். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அந்த விளம்பரம் சொல்லாத கதை ஒன்று உண்டு. தூக்கம் வருவதற்காகப் பலர் கடையில் வாங்கி விழுங்கிய மாத்திரை எல்-டிரிப்டோஃபேன். மருத்துவர் சீட்டு தேவையில்லை. 1989-இல் அதைச் சாப்பிட்டவர்கள் தாங்க முடியாத தசைவலியோடு மருத்துவமனைக்கு வரத் தொடங்கினார்கள். 1,500-க்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலும் ஒரே ஜப்பானிய நிறுவனத்தின் சரக்கு என்று பிறகு தெரிந்தது. அதிகாரிகள் விறைப்பாக நின்றதற்கு இப்படியும் ஒரு காரணம் இருந்தது.

இந்த இழுபறியில் கோபம்தான் வென்றது. யூட்டா மாநில செனட்டர் ஆரின் ஹாட்ச் முன்னின்று நடத்திய சட்டத்தில் 1994 அக்டோபர் 25 அன்று அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்டார். வைட்டமினும் மூலிகையும் இனி உணவு வகையில் சேரும். விற்பதற்கு முன் அரசின் அனுமதி வேண்டாம். ஆபத்தானது என்று தோன்றினால் அதை அரசுதான் நிரூபித்தாக வேண்டும்.

நிரூபிப்பது எவ்வளவு பாடு என்பதை எபெட்ரா காட்டியது. சீன மருத்துவத்தில் ‘மா ஹுவாங்’ என்ற பெயரில் மூச்சிரைப்புக்குக் கொடுத்துவந்த மூலிகை அது. அமெரிக்காவில் உடல் இளைக்கும் மாத்திரை ஆனது. அளவைக் குறைக்கச் சொல்லி 1997-இல் நிர்வாகம் விதி கொண்டுவரப் பார்த்தது. ஆதாரம் போதாது என்ற எதிர்ப்பில் பின்வாங்கியது. ஆதாரம் எங்கே இருந்தது தெரியுமா, நேயர்களே? எபெட்ரா மாத்திரை விற்ற மெட்டபொலைஃப் நிறுவனம், கடுமையான பாதிப்பு பற்றித் தங்களுக்குப் புகாரே வரவில்லை என்று 1998-இல் அரசிடம் சொல்லியிருந்தது. 2002-இல் அதே நிறுவனம் 13,000-க்கும் மேற்பட்ட புகார்களை எடுத்து நீட்டியது! அத்தனையும் அவர்கள் அலுவலகத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தன.

2003 பிப்ரவரியில் ஃபுளோரிடாவில் பயிற்சிக்கு வந்த பேஸ்பால் வீரர் ஸ்டீவ் பெக்லர் வெப்பத் தாக்குதலில் இறந்தார். வயது 23. எபெட்ராவுக்கும் அதில் பங்கு உண்டு என்றார் பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர். 2004 ஏப்ரலில்தான் தடை வந்தது. கடுமையான பாதிப்பு பற்றிய புகார்களை நிறுவனங்கள் அரசிடம் சொல்லியே ஆக வேண்டும் என்ற சட்டம் வர 2006 ஆனது. கதவை உடைத்து நுழைவதை விட இந்தச் சட்டம் ஆயிரம் மடங்கு பயனுள்ளது. அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே, 1994 சட்டத்தோடு வந்திருக்க வேண்டியது.

நேரம் நெருங்கிவிட்டது. அமெரிக்காவிலிருந்து ஊருக்கு வரும் பிள்ளைகளின் பெட்டியில் அப்பாவுக்கு மூட்டுவலி மாத்திரை, அம்மாவுக்குச் சத்து மாத்திரை என்று புட்டிகள் இருப்பது நம் வீடுகளில் வழக்கம். அன்போடு வாங்கி வருவதுதான். அந்தப் புட்டியை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். நன்மை சொல்லி விற்கும் மாத்திரை என்றால், அந்த நன்மையை உணவு மருந்து நிர்வாகம் மதிப்பிடவில்லை என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். சட்டப்படி போட்டாக வேண்டும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மறக்காமல் அந்தப் புட்டியையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.