பெருநாள் விருந்தும் உடல் வலிமையும்

 



நம் பள்ளிவாசல்களின் ஸஃப்புகளைச் சற்றே கவனியுங்கள். ஓரங்களில் நாற்காலிகள் பெருகி வருகின்றன. நோயாளியைக் குறை கூற எவருக்கும் உரிமையில்லை. மூலநோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழ இயலாவிடில் அமர்ந்தும், அதற்கும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. சலுகையை மார்க்கமே தந்திருக்கிறது. ஆனால் வேறு நோய் ஏதுமின்றி, தொடையில் வலுவில்லை என்ற ஒரே காரணத்தால் ஐம்பது வயதிலேயே அச்சலுகையைத் தேடும் நிலைக்கு நாம் எப்படி வந்தோம்? ஃபர்ளான தொழுகையில் நிற்பது ருக்னு. அந்த ருக்னைத் தாங்கி நிற்பவை நம் கால்கள்.

முப்பது வயதைக் கடந்தபின், பயன்படுத்தாத தசை பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை குறைகிறது என்கிறது மருத்துவம். இந்த இழப்பு வலிப்பதில்லை. எனவே எவரும் இதைக் கண்டுகொள்வதில்லை. ஒருநாள் ஸஜ்தாவிலிருந்து எழும்போது கை தானாகத் தரையை ஊன்றும், அப்போதுதான் தெரியவரும். நாம் உண்ணும் சோற்றின் சர்க்கரையைப் பெருமளவில் ஏற்றுக்கொள்வதும் தசைதான். தசை குறைந்தால் அச்சர்க்கரை இரத்தத்தில் தங்குகிறது. சென்னை நீரிழிவு ஆய்வு மையமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, நம் நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேர் நீரிழிவுடன் வாழ்கிறார்கள். அவர்களில் ஒருவரேனும் இல்லாத குடும்பம் நம் மஹல்லாக்களில் அரிது.

வலிமையான முஃமின் பலவீனமான முஃமினைவிட அல்லாஹ்வுக்கு உவப்பானவர்; எனினும் இருவரிடத்திலும் நன்மை உண்டு என்னும் கருத்துள்ள நபிமொழியை முஸ்லிமில் காண்கிறோம். இதிலுள்ள வலிமையை உள்ளத்தின் உறுதி என்றே இமாம் நவவி (ரஹ்) அவர்கள் விளக்குகிறார்கள். இதைக் கொண்டு, உடல் வலிமைக்கும் ஹதீஸுக்கும் தொடர்பில்லை என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அவசரமான முடிவு அது. அவ்வுறுதி வெளிப்படும் இடங்களாக அந்த இமாம் எண்ணிக் காட்டுபவற்றில் தொழுகையும் நோன்பும் அறப்போரும் அடங்கும். உடலின் துணையின்றி இவற்றை எப்படி நிறைவேற்றுவது? இயலாமையை விட்டும் சோம்பலை விட்டும் நபியவர்கள் பாதுகாவல் தேடியிருக்கிறார்கள். தாலூத் அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அறிவோடு உடலாற்றலும் அவருக்கு விரிவாக வழங்கப்பட்டதைக் குர்ஆன் (2:247) சொல்லிக் காட்டுகிறது.

இனி நம் உணவுக்கு வருவோம். ரமளான் பசியின் மாதம். ஆனால் நம்மில் பலரது எடை கூடுவதும் அம்மாதத்தில்தான்! நோன்புக் கஞ்சியில் குறை காண வேண்டாம். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, சிறிது கறி என நம் முன்னோர் அறிந்து சமைத்த உணவு அது. குறை அதன் பக்கத்துத் தட்டில் இருக்கிறது. வடை, சமோசா, பஜ்ஜி, அதன்மேல் ஒரு குவளை ரோஸ் மில்க். தராவீஹ் முடிந்ததும் புரோட்டா. பகலெல்லாம் உறக்கம். சேர்க்கப்படும் சர்க்கரை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள், அதாவது ஏறத்தாழ ஆறு தேக்கரண்டிக்குள், அடங்குவது மிக நன்று என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் இஃப்தார் விரிப்பில் முதல் கால் மணி நேரத்திலேயே அந்த எல்லை கடந்துவிடுகிறது.

மனிதனுக்கு முதுகை நிமிர்த்தும் சில கவளங்கள் போதும். மிகுதி வேண்டுமெனில் வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபியவர்கள் வரையறுத்தது திர்மிதியில் இடம்பெற்றுள்ளது. முதுகை நிமிர்த்தும் கவளம் எது என்றும் எண்ணிப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராம் புரதம் தேவை. வெறும் சோறும் ரசமும் உண்டு ஸஹர் செய்பவருக்கு அது கிடைப்பதில்லை. இரண்டு முட்டையில் 12 கிராம் உண்டு. அவித்த கொண்டைக்கடலை, பருப்பு, தயிர், மீன் ஆகியவை பணக்காரர் வீட்டுக்கு மட்டுமே உரிய உணவுகள் அல்லவே.

பெருநாளன்று பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. அன்று நோன்பு நோற்பதே ஹராம். தஷ்ரீக்குடைய நாட்கள் உண்பதற்கும் பருகுவதற்கும் இறைவனை நினைவுகூர்வதற்கும் உரியவை. பிரியாணியும் வட்டிலப்பமும் அவன் தந்த நிஃமத். உண்ணவும் பருகவும் ஏவிய அதே வசனம் (7:31) விரயத்தைத் தடுக்கிறது, உண்பதைத் தடுக்கவில்லை. ஒரு வேளை விருந்து உடலைக் கெடுப்பதில்லை. பெருநாள் பிரியாணி மூன்று நாட்கள் சூடேற்றப்படுவதும், குர்பானிக் கறி குளிர்பெட்டியில் இரண்டு மாதம் குடியிருப்பதும்தான் கெடுக்கின்றன. ஏழைக்குப் போக வேண்டிய பங்கு போய்விட்டால் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்துவிடும்.

தாய்மார்களே, சகோதரிகளே! அஸர் முதல் அடுப்படியில் நின்று, அனைவருக்கும் பரிமாறி, எஞ்சியதை உண்டு எழுபவர்கள் நீங்கள். மாதவிடாய் நின்றபின் பெண்ணின் எலும்பு விரைந்து தேய்கிறது. தசையையும் எலும்பையும் ஒருசேரக் காப்பது பாரம் சுமக்கும் பயிற்சி. வீட்டு வேலையே போதாதா என்று கேட்பீர்கள். அதில் களைப்பு மிகுதி. ஆனால் தசை வளரத் தேவையான, படிப்படியாகக் கூடும் பாரம் அதில் இல்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நபியவர்களுடன் ஓட்டப் போட்டியில் முந்தியதும், பின்னர் உடல் பருத்த காலத்தில் நபியவர்கள் முந்தியதும் அபூதாவூதில் பதிவாகியுள்ளன. கணவன்மார்களே! அந்த வீட்டில் மனைவிக்கு ஓடவும் நேரம் இருந்தது.

தொழுகையே சிறந்த உடற்பயிற்சி, வேறெதுவும் வேண்டாம் என்று மேடைகளில் பேசக் கேட்கிறோம். தொழுகை இபாதத், அதை உடற்பயிற்சியின் கணக்கில் எழுதுவது அதன் தகுதியைக் குறைப்பதாகும். இருபது ரக்அத் தராவீஹில் இருபது முறை தரையிலிருந்து எழுகிறோம் என்பது உண்மையே. அதற்கான வலுவை வெளியே சேர்த்துக்கொண்டு தொழுகைக்கு வர வேண்டும். நடையோடு வாரத்தில் குறைந்தது இரண்டு நாட்கள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. இதற்குச் செலவு தேவையில்லை. உறுதியான நாற்காலியில் அமர்ந்து, கைகளை ஊன்றாமல் பத்து முறை எழுங்கள். சற்று ஓய்ந்து மீண்டும் பத்து முறை. சுவரில் கை வைத்துத் தள்ளுங்கள். எளிதாகிவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீர்ப் போத்தலை இரு கைகளிலும் ஏந்தி எழுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். ரமளானில் தராவீஹுக்குப் பின் செய்வது நலம். அப்போது தண்ணீரும் அருந்தலாம். (உடற்பயிற்சிக் கூடத்தில் ஊசி போட்டுத் தோள் வளர்க்கும் இளைஞர்களைப் பற்றி இன்னொரு ஜும்ஆவில் பேச வேண்டியிருக்கிறது.)

வயதாகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்து முதியோருக்கு எட்டு வாரம் கால்களால் பாரம் தூக்கும் பயிற்சி தரப்பட்டது. அதன் முடிவு 1990இல் வெளியாயிற்று. பயிற்சியை நிறைவு செய்தோரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு பெருகியிருந்தது. இருவர் ஊன்றுகோலை விட்டுவிட்டே நடந்தார்கள்.

நீரிழிவு, இதயநோய், இரத்த அழுத்தம் உடையோர் மருத்துவரைக் கேட்டே பயிற்சியைத் தொடங்குங்கள். நோன்புக்கும் அப்படியே, ரமளானுக்கு ஆறு வாரம் முன்னரே சென்று மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றி வாங்கிக்கொள்ளுங்கள். விரல் நுனியில் இரத்தம் எடுத்துச் சோதிப்பதால் நோன்பு முறியாது. சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை விட்டுவிடுங்கள். பின்னர் களா செய்துகொள்ளலாம். இரவெல்லாம் நின்று பகலெல்லாம் நோன்பிருந்த அபுத்தர்தா (ரலி) அவர்களிடம், உடலுக்கும் உரிமையுண்டு என்ற கருத்தை ஸல்மான் ஃபாரிஸி (ரலி) அவர்கள் எடுத்துரைத்ததும், அதை நபியவர்கள் சரிகண்டதும் இதற்கும் பொருந்தும்.

நோன்புப் பெருநாளன்று நபியவர்கள் ஒற்றைப்படையாகச் சில பேரீச்சம்பழங்களை உண்டுவிட்டே தொழுகைக்குப் புறப்பட்டார்கள். போனது ஒரு வழி, திரும்பியது மற்றொரு வழி. வரும் பெருநாள் காலையில் மோட்டார் சைக்கிள் வீட்டிலேயே நிற்கட்டும். பிள்ளைகளின் கையைப் பிடித்துத் திடலுக்கு நடந்து சென்று, உறவினர் இருக்கும் தெரு வழியாகத் திரும்பி வாருங்கள்.