ஷட்டில் கோர்ட் நம் பெண்பிள்ளைகளுக்கும்தான்

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற கல்லூரி உடற்கல்வி இயக்குநரான உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குடிநீர், தெருவிளக்கு எல்லாம் பேசி முடித்தாயிற்று. எனக்குக் கொடுத்த ஐந்து நிமிடத்தில் நம் வீட்டுக் கல்லூரிப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன்.

முப்பது வருடம் பாளையங்கோட்டையில் மாணவ மாணவியரை மைதானத்தில் பார்த்தவன் நான். முதலாமாண்டுப் பெண்பிள்ளைகளை ஓடச் சொன்னால், "சார், வெயில்ல கறுத்துப் போயிருவேன்னு ஆச்சி ஏசுதாவ" என்பார்கள். பையன்களின் கவலை வேறு. "கை குச்சியா இருக்கு சார், எந்தப் பவுடர் சாப்பிடணும்?" என்று கேட்பார்கள். இந்த உடம்பால் என்னென்ன செய்யலாம் என்று கேட்டவர்கள் குறைவு. பார்க்க எப்படி இருக்கிறது என்பதுதான் இரண்டு பக்கமும் கவலை.

தன் உடம்பைப் பற்றி ஒருவர் மனதுக்குள் வைத்திருக்கும் எண்ணத்தை அளக்க, ஃபாக்ஸ், கார்பின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1989-இல் ஒரு வினாத்தாள் தயாரித்தார்கள். கல்லூரி மாணவர்களை வைத்தே தயாரித்தது. விளையாட்டுத் திறமை, உடல்தகுதி, வலிமை, தோற்றம் என்று அதில் நான்கு பகுதிகள். இவற்றோடு தன் உடம்பின் மேல் உள்ள மொத்த மதிப்பும் ஒன்று. நம் வீடுகளில் தோற்றத்துக்கு மட்டும்தான் மார்க் போடுகிறோம். மற்ற மூன்றையும் பிள்ளைகள் தாங்களாகவே முட்டை போட்டுக்கொள்கிறார்கள்.

வெயிலுக்குப் பயப்படச் சொல்லும் அதே ஆச்சிமார், சின்ன வயதில் குறுக்குத்துறையில் தாமிரபரணியில் குதித்து நீந்தியவர்கள்தான். ஆற்றில் குளித்ததில் அவர்களுக்கு உடம்பின் மேல் ஒரு தைரியம் இருந்தது. குளியல் பாத்ரூமுக்கு வந்தபின் பேத்திகளுக்கு அந்த வாய்ப்பு போயிற்று. பதிலுக்கு நாம் எதுவும் கொடுக்கவில்லை.

2024-இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த ஆய்வின்படி, இந்தியாவில் வயதுவந்த பெண்களில் 57 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 42 சதவீதம் பேருக்கும் போதுமான உடலசைவு இல்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இதன் வழியாகவும் வீட்டுக்குள் வருகின்றன.

ஓடி ஜெயித்த பெண்ணையும் நாம் விட்டுவைப்பதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் 2006-இல் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினப் பரிசோதனை என்று சொல்லி அந்தப் பதக்கத்தைப் பறித்துவிட்டார்கள். பெண் உடம்பு இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஊரே அவரை அளந்து பேசியது. அவர் பின்னாளில் பயிற்சியாளராகிப் பிள்ளைகளை ஓட வைத்தார். அந்த மனஉறுதி எல்லோருக்கும் வாய்க்காது.

ஊரைச் சொல்கிறேனே, என் கதை என்ன? என் மகள் பள்ளியில் நன்றாக ஓடுவாள். பத்தாம் வகுப்பு வந்ததும் "பரீட்சை முடியட்டும்" என்று நிறுத்தியவன் நான்தான். பரீட்சை முடிந்தது, அவள் திரும்ப மைதானத்துக்குப் போகவில்லை. இப்போது கூப்பிட்டால், "எனக்கு அதெல்லாம் வராதுப்பா" என்கிறாள். ஊர்ப்பிள்ளைகளுக்கு விசில் ஊதிய என்னால் அந்தச் சொல்லை மாற்ற முடியவில்லை.

அதனால் ஒரு கோரிக்கை. நம் பூங்காவில் உள்ள ஷட்டில் கோர்ட்டில் சாயங்காலம் பையன்களும் நம்மைப் போன்றவர்களும்தான் ஆடுகிறோம். காலேஜ் பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்பிள்ளைகள் ஓரமாகப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் போகிறார்கள். திங்கள், புதன், வெள்ளி மாலை 6 முதல் 7 வரை கோர்ட்டை அவர்களுக்கு ஒதுக்குங்கள். மூன்று நாளும் சேர்த்தால் 180 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் கேட்பது குறைந்தது 150 நிமிடம்தான். பூங்காவின் பின்பக்க விளக்கு எரிய வேண்டும், கழிப்பறை திறந்திருக்க வேண்டும். சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம்.

பெற்றோருக்கு ஒன்று. விளையாடி வரும் பிள்ளையிடம் "கறுத்துட்டியே, மெலிஞ்சிட்டியே" என்று சொல்லாதீர்கள். "இன்னைக்கு எத்தனை பாயிண்ட்?" என்று கேளுங்கள்.

அடுத்த செயற்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்கும்படி கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.