முதுமையுற்ற குடும்ப வண்டி



பிழைப்பை நாடிப் பிறந்த மாநிலத்தை விட்டு வந்து, நாகபுரி, புணே, போபால், தில்லி முதலிய நகரங்களில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு மோட்டார் வண்டி வெறும் ஆடம்பரப் பொருளன்று. கோடை விடுமுறை தொடங்கியதும் பாட்டியையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குச் செல்வதற்கும், திரும்பும்போது புளி, மிளகாய்வற்றல், அப்பளம், இட்டலி அரிசி ஆகியவற்றைச் சுமந்து வருவதற்கும் அதுவே துணை. 1994-இல் டாட்டா சுமோவும், 2000-இல் குவாலிஸும் பொலேரோவும், 2002-இல் ஸ்கார்ப்பியோவும் சந்தைக்கு வந்தன. அவற்றைத் தொடர்ந்து ஏழெட்டுப் பேர் அமரக்கூடிய உயரமான வண்டிகள் நடுத்தரக் குடும்பங்களின் வாயிலிலும் நிற்கத் தொடங்கின. எஸ்.யு.வி. என்று இன்று அழைக்கப்படும் அவ்வகை வண்டிகளுள் பல இப்போது முதுமை எய்திவிட்டன.

முதுமை என்றவுடன் நாம் எஞ்சினையே எண்ணுகிறோம். ஆனால், எஞ்சினில் பிறக்கும் ஆற்றலைச் சக்கரம் வரை கொண்டு சேர்க்கும் உறுப்புகளும் அதனுடன் சேர்ந்தே மூப்படைகின்றன. அவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். நாங்கள் மெக்கானிக்குகள் அல்லோம். பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு குடும்பத்தார், அவ்வளவே.

முதலில் அந்த ஆற்றல் செல்லும் வழியைச் சுருக்கமாகப் பார்ப்போம். எஞ்சினின் பின்புறம் சுழலும் கனத்த சக்கரம் பிளைவீல். அதன்மீது ஓர் உராய்வுத் தட்டை அழுத்திப் பிடிப்பது கிளட்ச். அடுத்தது கியர்ப்பெட்டி, சிறிதும் பெரிதுமான பற்சக்கரங்களைக் கொண்டு, வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டித் தருவது அது. அங்கிருந்து வண்டியின் அடியில் நீண்டு செல்லும் குழாய் போன்ற தண்டு, புரொப்பெல்லர் ஷாஃப்ட். அதன் முனைகளில் சிலுவை வடிவான யுனிவர்சல் இணைப்புகள் உண்டு. பட்டறைகளில் இதனைக் ‘கிராஸ்’ என்பர். இறுதியாக, பின் அச்சின் நடுவே பூசணிக்காய் போலப் பருத்துத் தோன்றும் டிபரன்ஷியல். வண்டி திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட மிகுதியான தூரம் ஓடவேண்டும். அந்த வேற்றுமைக்கு இடங்கொடுத்தே இரு சக்கரங்களையும் ஓட்டுவது இதன் பணி.

எங்கள் வண்டி 2011-இல் வாங்கப்பட்டது, டீசலில் ஓடுவது, பின் சக்கரங்களால் தள்ளப்படுவது. ஏறக்குறைய 1,80,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு புதுமையான ஓசை கேட்கத் தொடங்கியது. முதல் கியரில் கிளட்சை விட்டதும் அடியில் ‘டக்’ என்று ஒரு தட்டு. பின்னோக்கி எடுக்கும்போதும் அதே தட்டு. நாளடைவில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் இருக்கைகள் நடுங்கின. நகரத்திலுள்ள ஒரு பெரிய பட்டறைக்குக் கொண்டு சென்றோம். வண்டியைச் சற்று ஓட்டிப் பார்த்தவர், “கியர்ப்பெட்டி போய்விட்டது, முழுவதையும் மாற்றவேண்டும்” என்று கூறி, ஒரு லட்சத்தை நெருங்கிய தொகையைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் அந்த மாதத்திலேயே கட்டவேண்டியிருந்தது. ஒன்றும் சொல்லாமல் வீடு திரும்பினோம்.

பக்கத்து வீட்டார் வயது முதிர்ந்த ஒரு மிஸ்திரியிடம் எங்களை அனுப்பினார். அவர் வண்டியை ஓட்டவில்லை. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, உறுதியான தாங்கிகளின்மீது வண்டியை நிறுத்தி, அடியில் படுத்து, அந்த நீண்ட தண்டினைக் கையால் இப்படியும் அப்படியும் திருகினார். பின்பு எங்களையும் அழைத்துக் காட்டினார். தண்டு அசைந்தது, ஆனால் அதனோடு இணைந்த பகுதி அசையவில்லை. இடையிலே இருந்த சிலுவைத் துண்டில் தளர்ச்சி! அதன் மூடியைச் சுற்றிச் செந்நிறத் துருப்பொடி படிந்திருந்தது. “சாஹேப், பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, கிராஸ்தான் தேய்ந்துவிட்டது. கிரீஸ் போடாமல் எத்தனை ஆண்டு ஓட்டினீர்கள்?” என்று இந்தியில் கேட்டார். எங்களால் பதில் கூற முடியவில்லை. தண்டினைக் கழற்றுமுன் அது பொருந்தியிருந்த நிலையைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டார். மாற்றிப் பொருத்தினால் சமநிலை கெட்டு மீண்டும் நடுக்கம் தோன்றும் என்பதே காரணம். சில ஆயிரங்களுடன் வேலை முடிந்தது.

இதனால் நாங்கள் கற்ற பாடம் ஒன்று. எளிதில் காணக்கூடியதை முதலிற் காணவேண்டும். மலிவான காரணம் இல்லை என்று தெளிந்த பின்னரே விலையுயர்ந்த காரணத்தைத் தேடவேண்டும்.

ஆனால் அந்த முதற் பட்டறையின் காகிதம் எங்கள் மனத்தில் ஓர் அச்சத்தையும் விதைத்துவிட்டது. ‘எதைக் காட்டினாலும் பெருந்தொகை கேட்பார்கள்’ என்ற எண்ணத்தால், அடுத்த குறை தோன்றியபோது வாளா இருந்துவிட்டோம். கிளட்ச் மிதியை ஏறக்குறைய முழுவதும் விட்ட பிறகே வண்டி நகரத் தொடங்கியது. இரண்டு மாதங்கள் அப்படியே ஓட்டினோம். அந்த நிலையிலேயே 2024 மே மாதத்தில் ஊருக்கும் புறப்பட்டோம்.

நாகபுரியிலிருந்து மதுரைக்கு நாற்பத்து நான்காம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். போகும்போது யாதொரு தொல்லையும் இல்லை. திரும்புங்கால், சேலத்தைக் கடந்து தருமபுரியை நோக்கித் தொப்பூர்க் கணவாயில் ஏறினோம். உள்ளே ஏழு பேர். மேலே இரண்டு மூட்டை அரிசி. பாதி ஏற்றத்தில் எஞ்சின் உரக்க முழங்கியது. வண்டியோ வேகம் குறைந்தது. எரிந்த ரப்பரைப் போன்ற நாற்றம் உள்ளே பரவிற்று. பின்னால் வரிசையாக லாரிகள். ஓரங்கட்டி நிறுத்தி, எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வைத்து, பாட்டியையும் குழந்தைகளையும் தடுப்புச் சுவருக்கு அப்பால் அமரச் செய்தோம். அந்தக் கணவாயில் பாரவண்டிகள் கட்டுக்கடங்காமல் வந்து மோதிய விபத்துகள் பல நடந்திருக்கின்றன என்பது அவ்வழியே செல்வோர் அறிந்ததே. அந்த அரைமணி நேரத்தில் எங்களுக்கு இருந்த கலக்கத்தைச் சொல்லி முடியாது.

வழியே வந்த ஒரு வேன் ஓட்டுநர் பாட்டியையும் பிள்ளைகளையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டார். சூடு தணிந்த வெற்று வண்டியை, தாழ்ந்த கியரில், ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்தித் தருமபுரி வரை நகர்த்தினோம். அங்கே கியர்ப்பெட்டியை இறக்கிப் பார்த்தபோது, உராய்வுத் தட்டு ஆணிகள் தெரியுமளவுக்குத் தேய்ந்திருந்தது. பிளைவீலின் முகத்தில் நீலம் பாய்ந்த சூட்டுக் காயங்கள் காணப்பட்டன. “நகரத்தில் ஓட்டும்போது இடக்கால் எப்போதும் கிளட்ச் மேலேயே இருக்குமா, சார்?” என்று மெக்கானிக் வினவினார். ஆம், அப்படித்தான் ஓட்டிவந்தோம். பாட்டி மட்டும் ஒரு சொல் சொன்னார்: “மாடு இளைத்தால் வண்டிக்காரனுக்கு முன்னாலேயே தெரியும். உங்களுக்குத் தெரியவில்லையா, அப்பா?” தெரிந்திருந்தது; தெரிந்தும் வாளா இருந்தோம் என்பதே உண்மை.

இனி, நேயர்கள் தாமே கண்டறியக்கூடிய சில அடையாளங்களைக் கூறுவோம்.

கிளட்ச் நழுவுகிறதா என்று அறியச் சமமான, வெறுமையான சாலையில் உயர்ந்த கியரில் மிதமான வேகத்தில் சென்று, ஆக்ஸிலரேட்டரை அழுத்திப் பாருங்கள். எஞ்சினின் சுழற்சி தாவி ஏறியும் வண்டியின் வேகம் ஏறாவிடில் கிளட்ச் நழுவுகிறது. மாறாக, எந்தக் கியரும் விழ மறுத்து, பின்னோக்கும் கியர் மட்டும் நறநறவென்று ஓலமிட்டால், கிளட்ச் முழுவதும் விடுபடவில்லை எனலாம். அப்போது முதலில் அதன் திரவக் கிண்ணத்தைப் பாருங்கள். திரவம் குறைந்திருப்பதோ, குழாயில் காற்றுப் புகுந்திருப்பதோ காரணமாயின் செலவு சொற்பமே.

ஒரே ஒரு கியர், குறிப்பாக இரண்டாவதோ மூன்றாவதோ, மாற்றும்போது மட்டும் உரசினால், பற்சக்கரங்களின் வேகத்தை ஒன்றுபடுத்தும் வளையம் தேய்ந்திருக்கலாம். கியர் தானாகவே நழுவி வெளிவருமாயின் தாமதிக்கலாகாது. இறக்கத்தில் அவ்வாறு நேர்ந்தால் எஞ்சினின் தடுப்பாற்றல் முற்றிலும் இழக்கப்படும்.

ஓசைகளையும் பிரித்தறியலாம். வண்டியை நிறுத்தி, கியரில்லாமல் எஞ்சினை ஓடவிடுங்கள். கிளட்சை மிதித்தால் ஓசை மறைந்து, விட்டால் மீண்டும் எழுமாயின் குற்றம் பெரும்பாலும் கியர்ப்பெட்டியின் பேரிங்கில். மிதிக்கும்போதே ஓசை தோன்றுமாயின் கிளட்சை விடுவிக்கும் பேரிங்கில். பின்புறத்தில் குறிப்பிட்ட வேகத்தில் ஊளையிடும் ஓசை எழுந்து, ஆக்ஸிலரேட்டரை விட்டதும் அதன் தன்மை மாறுமாயின் டிபரன்ஷியலை ஐயுறலாம். முன் சக்கரங்களை ஓட்டும் வண்டிகளில், ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது ‘டிக்டிக்’ என்று கேட்டால், அச்சின் இணைப்பை மூடிய ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மண் புகுந்திருக்கும்.

எஞ்சின் ஆயிலைத் தவறாது மாற்றும் நாம், கியர்ப்பெட்டியிலும் டிபரன்ஷியலிலும் ஆயில் உண்டு என்பதையே மறந்துவிடுகிறோம். இரண்டிற்கும் ஒரே ஆயில் என்று எண்ணுவதும் பிழை. டிபரன்ஷியலுக்கு ஏற்ற கடுமையான ஆயில், சில கியர்ப்பெட்டிகளிலுள்ள பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். ஆதலின் கையேட்டிற் கண்ட வகையையே வாங்கவேண்டும். பழைய ஆயிலை வடிக்கும் திருகைக் கழற்றுமுன், நிரப்பும் திருகு கழல்கிறதா என்று பாருங்கள். வடித்த பின் மேல்திருகு துருவேறி அசையாவிட்டால் வண்டி நின்றுவிடும். சீல் மீண்டும் மீண்டும் கசிந்தால், டிபரன்ஷியலின் மூச்சுக்குழாய் சேற்றால் அடைபட்டிருக்கிறதா என்றும் காணவேண்டும். உள்ளே அழுத்தம் மிகுந்து சீலைத் தள்ளுவது உண்டு. வெள்ளத்தில் ஓட்டிய வண்டியில் ஆயில் பால் போல வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது; உடனே மாற்றவேண்டும்.

தானியங்கிக் கியர் உள்ள வண்டிகளில், கியரில் இட்டபின் சற்றுத் தயங்கி நகர்வதும், சிவந்த திரவம் கருகி நாறுவதும் தீக்குறிகள். இவ்வகை வண்டி வழியில் நின்றால், ஓடும் சக்கரங்கள் தரையில் உருளக் கயிறு கட்டி இழுக்கலாகாது. பலவற்றில் எஞ்சின் ஓடாதபோது உள்ளே திரவம் பாயாது. வண்டியை முழுவதும் மேலேற்றிச் செல்லும் லாரியையே அழையுங்கள். நான்கு சக்கரங்களையும் ஓட்டும் வசதி தேவைப்படும்போது மட்டும் இணைக்கப்படுவதாயின், உலர்ந்த தார்ச்சாலையில் அதனை இணைத்துத் திரும்பாதீர்கள். உறுப்புகள் முறுக்கேறிச் சேதமடையும்.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு மொழியும் ஒரு தடையாகிறது. குறையை விளக்க இயலாமையால் ‘என்னவோ செய்யுங்கள்’ என்று விட்டுவிடுகிறோம். இந்தி வழங்கும் இடங்களில் ஓசைக்கு ‘ஆவாஸ்’, குலுக்கலுக்கு ‘ஜட்கா’, தேய்ந்துவிட்டது என்பதற்கு ‘கிஸ் கயா’ என்பர். எந்த வேகத்தில், எந்தக் கியரில், ஏற்றத்திலா இறக்கத்திலா என்பதை ஒரு தாளில் குறித்துக் கொண்டு செல்லுங்கள். மாற்றிய பழைய உறுப்பைத் திருப்பித் தருமாறு முன்கூட்டியே கேளுங்கள். இச்சிறு முன்னெச்சரிக்கை வீண் செலவைத் தடுக்க உதவும். வண்டியடியில் தாமே பார்க்க விரும்புவோர், ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் உள்ளே நுழையாதீர்கள்.

இறுதியாக, பழுது பார்ப்பதா, விற்றுவிடுவதா என்ற கேள்வி. தனியார் வண்டிக்குப் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர்த் தகுதி கண்டு ஐந்தாண்டுக்குப் புதுப்பிப்பர். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்யவேண்டும். தில்லித் தலைநகர் வட்டாரத்தில் பழைய வண்டிகளுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டு, நீதிமன்ற ஆணைகளால் அவ்வப்போது மாறியும் வந்துள்ளன. இவற்றை விசாரித்தறிந்த பின்னரே பெருஞ்செலவில் இறங்கவேண்டும். அடிச்சட்டம் துருப்பிடித்து நைந்திருந்தால் புதுக் கியர்ப்பெட்டியும் வீணே. சட்டமும் எஞ்சினும் உறுதியாயிருந்து, உதிரி உறுப்புகளும் கிடைக்குமாயின், கிளட்சையோ கிராஸையோ மாற்றி மேலும் சில ஆண்டுகள் ஓட்டுவது அறிவுடைமையே.

எங்கள் வண்டி இன்றும் வாயிலில் நிற்கிறது. ஊருக்குப் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே அதனை அந்த முதிய மிஸ்திரியிடம் காட்டிவிடுகிறோம். கூரையில் மூட்டை ஏற்றுவதில்லை. இடக்காலும் இப்போது தன் இடத்திலேயே இருக்கிறது. வண்டி தன் நோவைத் தன் மொழியில் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. ஏற்றத்தில் ஏறுமுன் அதனைக் கேட்டுக்கொள்வது நம் கடமை.