மரக்கிளையில் கட்டிய சோறு



வேதாரணியத்தை அடுத்த அகத்தியம்பள்ளியில் ஒரு நினைவுத் தூண் நிற்கிறது. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் இராஜாஜி அவர்கள் அரசாங்கத்தின் தடையை மீறி உப்பு அள்ளியதற்கு அது சாட்சி. ஆண்டுதோறும் அதே நாளில் மக்கள் அங்கே கூடுகின்றனர். தூணை வணங்கித் தாமும் ஒரு பிடி உப்பு அள்ளுகின்றனர். 1973-ஆம் ஆண்டில் அவ்விழாவிற்கு நானும் சென்றிருந்தேன். அப்போது நான் கல்லூரி மாணவன். திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு முதியவரைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் பணி எனக்குக் கிடைத்தது.

அந்த முதியவர் 1930-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்து வந்த தொண்டர்களுள் ஒருவர். தம் பெயர் மேடையில் முழங்கப்படுவதை விரும்பாதவர். ஆகையால் நானும் இங்கே அதைச் சொல்லவில்லை. டாக்டர் தி. சே. சௌ. ராஜன் அவர்களின் இல்லத்திலிருந்து ஏப்ரல் 13-ஆம் நாள் புறப்பட்ட அந்தப் படையில் ஏறத்தாழ நூறு பேர். தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி வழியாக நூற்றைம்பது மைல். இவற்றையெல்லாம் நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். நாமக்கல் கவிஞர் இந்த நடைக்கென்றே பாட்டு எழுதித் தந்ததையும் அறிவீர்கள். பெரியவரோ அவற்றைப் பற்றி அதிகம் பேசவில்லை. பேருந்தில் வரும்போது அவர் பேசியதெல்லாம் சோற்றைப் பற்றியே. எனக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது.

காரணம் பிறகே விளங்கிற்று. அப்போது தஞ்சை மாவட்டக் கலெக்டராக இருந்தவர் தார்ன் என்னும் ஆங்கிலேயர். தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று அவர் ஊர்தோறும் அறிவித்தார். தொண்டர்களைத் தொட வேண்டியதில்லை, பட்டினி அவர்களைத் திருப்பி அனுப்பிவிடும் என்பது அவர் கணக்கு. ஆனால் சோறு வந்துகொண்டே இருந்தது. கொடுத்தவர்தாம் கண்ணில் படவில்லை. சாலையோரத்து மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின.

“தம்பி, இலையைப் பிரித்தால் எலுமிச்சஞ்சோறு. கட்டியவர் யாரென்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது” என்றார் பெரியவர்.

விழாவில் அவருக்கு மேடையில் நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் அமரவில்லை. பாத்தியோரம் சென்று, என் தோளைப் பற்றிக்கொண்டு மெல்லக் குனிந்து, ஒரு பிடி உப்பை அள்ளித் துண்டின் நுனியில் முடிந்தார். அவ்வளவுதான். முந்தைய ஆண்டில், விடுதலையின் வெள்ளி விழாவின்போது, அவருக்குச் செப்புப் பட்டயம் கிடைத்திருந்தது. ஓய்வூதியமும் உண்டு. ஆறு மாதச் சிறைக்குச் சான்று காட்டியே அதைப் பெற்றார். “சிறைக்குச் சான்று இருக்கிறது தம்பி, சோற்றுக்கு யாரிடம் போய்ச் சான்று வாங்குவது?” என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு என் அப்பாயியின் நினைவு வந்தது. திருத்துறைப்பூண்டிச் சாலையில் எங்கள் ஊர். புதிதாய் மணமாகி வந்த காலத்தில் தாமும் தொண்டர்களுக்குச் சோறு கட்டியதாக அப்பாயி சொல்வதுண்டு. வீட்டில் ஒருவரும் நம்பியதில்லை. கிழவி கதை அளக்கிறாள் என்று சித்தப்பா சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

திரும்பும் வழியில் பெரியவரை எங்கள் வீட்டுக்கு அழைத்துச் சென்றேன். அப்பாயி திண்ணையில் இருந்தார். செய்தியைச் சொன்னதும் எழுந்து உள்ளே போய்விட்டார். ஒரு செம்பு மோருடன் திரும்பி வர வெகுநேரமாயிற்று.

“அம்மா, நீங்கள் என்ன சோறு கட்டினீர்கள்?” என்று பெரியவர் கேட்டார். அவர் குரல் நடுங்கிற்று. நாற்பத்து மூன்று ஆண்டுகளாக அவர் கேட்க நினைத்த கேள்வி அது.

“புளிச்சோறு” என்றார் அப்பாயி.

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. “நான் தின்றது எலுமிச்சஞ்சோறு” என்றார் பின்னர்.

பொய்யாக ஒரு சொல் கூறியிருந்தால் அங்கிருந்த அனைவரும் மகிழ்ந்திருப்போம். இருவருக்கும் அது தோன்றவில்லை. அப்பாயிதான் முதலில் பேசினார். அவருடைய மாமனார் குத்தகைக்காரர். செய்தி வெளியே தெரிந்தால் வழக்கு வரும், நிலமும் போய்விடும் என்று வீட்டில் அச்சம். ஆகவே விடியுமுன், சாணம் அள்ளப் போவதுபோல் கூடையின் அடியில் பொட்டலங்களை வைத்து, மேலே வைக்கோலைப் பரப்பிக் கொண்டுபோனாராம். மாமனார் இறக்கும்வரை இதை அவரிடம் சொல்லவேயில்லை. “திரும்பிப் பார்க்கக்கூட நிற்கவில்லை. யார் தின்றார்களோ, காக்கைதான் தின்றதோ” என்றார். அவருடைய கவலை அது ஒன்றுதான்.

“காக்கை தின்னவில்லை அம்மா. நூறு பேர் வந்தோம். ஒருவரும் பசியால் திரும்பவில்லை” என்றார் பெரியவர். துண்டின் முடிச்சை அவிழ்த்து, உப்பில் பாதியை அப்பாயியின் உள்ளங்கையில் வைத்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், அப்பாயி கையை மூடியபடியே நெடுநேரம் அமர்ந்திருந்தார். சித்தப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். அன்று அவர் சிரிக்கவில்லை.

பிறகு ஒருநாள் பெரியவரிடமிருந்து எனக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. ‘எலுமிச்சஞ்சோறு கட்டிய வீடு எது என்று உன் அப்பாயியை விசாரிக்கச் சொல்’ என்று எழுதியிருந்தார். அப்பாயி கோலை ஊன்றிக்கொண்டு தெருத்தெருவாக விசாரித்தார். எங்கள் ஊரில் இரண்டு வீட்டார், சாலையில் அடுத்த ஊரில் மூன்று வீட்டார், தாங்களே கட்டியதாகச் சொன்னார்கள். அவர்களில் எவரையும் அப்பாயி முழுதாக நம்பவில்லை. ஐந்து வீட்டின் பெயரையும் எழுதி அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.