டேங்க்னா எந்த டேங்க்?

நாம தினமும் சொல்ற ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்குத் தமிழ்ல எத்தனை வார்த்தை தேவைப்படுதுன்னு பார்க்கிறதுதான் இந்த எபிசோட். வார்த்தை: டேங்க்.

நான் இருக்கிறது ஆவடி பக்கத்துல, கோவில்பதாகை. எங்க பக்கம் யாராவது டேங்க்னு சொன்னா, எந்த டேங்க்னு திருப்பிக் கேட்கணும். மொட்டை மாடியில இருக்கிற தண்ணி டேங்க்கா? பைக்ல இருக்கிற பெட்ரோல் டேங்க்கா? இல்ல, ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில தயாராகுற ராணுவ டேங்க்கா? 1965-ல முதல் விஜயந்தா அங்கேர்ந்துதான் வெளிய வந்தது. அப்புறம் அர்ஜுன். நாலாவதா ஒண்ணு இருக்கு. பழைய இங்கிலீஷ் மேப்லயும் சட்டத்துலயும், ஏரிக்குப் பேரும் டேங்க்தான்.

இந்த நாலும் சொந்தக்காரங்க. டேங்க்ங்கிற வார்த்தை இங்கிலீஷுக்கு எப்படிப் போச்சுன்னு தேடினா, அகராதிகள் ரெண்டு வழி காட்டும். ஒண்ணு, குளத்துக்கு போர்ச்சுகீசியர் சொல்ற 'டாங்க்கே'. இன்னொண்ணு, குஜராத்தி, மராத்தியில தண்ணித் தொட்டிக்கு இருக்கிற 'டாங்கி', 'டாக்கி' மாதிரி வார்த்தைகள். ரெண்டும் தண்ணிதான்.

அப்போ யுத்த வண்டிக்கு ஏன் அந்தப் பேர்? 1915-ல பிரிட்டன் அதை ரகசியமா தயாரிச்சுது. விஷயம் வெளிய தெரியக் கூடாதுன்னு, இது தண்ணி கொண்டுபோற டேங்க்னு சொல்லி வச்சாங்க. 1916 செப்டம்பர் 15-ல பிரான்ஸ்ல சோம் போர்க்களத்துல அது முதல்தடவை இறங்கிச்சு. ரகசியம் போச்சு, பேர் நின்னுடுச்சு.

இதெல்லாம் எனக்கு ஜாலியான விஷயமாத்தான் இருந்தது, போன வருஷம் வரைக்கும்.

ரெண்டு தெரு தள்ளி இருக்கிற ஒரு அக்கா, இங்கிலீஷ்ல இருந்த ஒரு பேப்பரை எடுத்துட்டு வந்தாங்க. "தம்பி, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே, இதுல என்ன போட்டிருக்குன்னு பாரு"ன்னாங்க. எனக்கு அப்போ ஆபீஸ் மீட்டிங். அவசரத்துல போட்டோ எடுத்து, மொழிபெயர்க்கிற ஆப்ல போட்டு, வந்ததை அப்படியே படிச்சுக் காட்டினேன். 'தொட்டியின் எல்லைக்குள் உள்ள கட்டுமானம்.' அக்கா சிரிச்சாங்க. "எங்க வீட்ல தொட்டியே மாடியிலதான் தம்பி இருக்கு. வேற யாருக்கோ வந்தது போல"ன்னாங்க. நானும் தலையாட்டிட்டேன்.

பத்து நாள் கழிச்சு, ஒரு வக்கீல் குமாஸ்தா அதே பேப்பரைப் பார்த்துட்டு, "அம்மா, இது தொட்டி இல்ல, ஏரி"ன்னு சொல்லியிருக்கார். அவங்க வீடு ஏரி எல்லைக்குள்ள வருதுன்னு வந்த நோட்டீஸ் அது. பதில் கொடுக்க நாலு நாள்தான் பாக்கி. பத்திரம், பட்டா, வரி ரசீது எல்லாம் தேடி எடுத்து, கடைசி நாள் சாயங்காலம் கொடுத்தாங்க. அந்த நாலு நாளும் எனக்குச் சரியா தூக்கம் இல்ல.

ஆப் மேல பழியைப் போடலாம். ஆனா அந்த வரியிலேயே டேங்க் பக்கத்துல சர்வே நம்பர் இருந்தது. தொட்டிக்கு எதுக்குடா சர்வே நம்பர்னு நான் ஒரு செகண்ட் யோசிச்சிருக்கணும். 2007-ல தமிழ்நாட்டுல வந்த ஏரி ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டத்தோட இங்கிலீஷ் பேர்லயே 'டேங்க்ஸ்'னுதான் இருக்கு. அது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

நம்ம தமிழ் இந்த இடத்துல ரொம்பக் கறார். பாசனத்துக்குக் கரை, மதகு, கலங்கலோட இருந்தா ஏரி. அதையே மதுரை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய்னு சொல்வாங்க. திருநெல்வேலியிலயும் இலங்கையிலயும் குளம்னு சொல்வாங்க. குடிக்கத் தண்ணி எடுத்தா ஊருணி. சின்ன ஏரின்னா தாங்கல். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் எல்லாம் அப்படி வந்த பேர். கோயில் பக்கத்துல படிக்கட்டு வச்சுக் கட்டினா தெப்பக்குளம். வீட்ல இருக்கிறது தொட்டி. இலங்கைத் தமிழ்ல தண்ணீர்த் தாங்கி.

தொட்டின்னு நினைச்சா, அது தனியா நிக்கிற ஒரு டப்பா. ஏரி தனியா நிக்காது. ஒண்ணு நிரம்பினா கலங்கல் வழியா அடுத்ததுக்குத் தண்ணி போகும். அம்பத்தூர் ஏரி நிரம்பினா கொரட்டூர் ஏரிக்குப் போற மாதிரி. நடுவுல ஒண்ணை மூடினா, தண்ணி தெருவுக்குத்தான் வரும். 1920-கள்ல மாம்பலம் ஏரியை வத்த வச்சுத்தான் தி.நகர் வந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்துலதான் 1976-ல வள்ளுவர் கோட்டம் வந்தது. பக்கத்துல டேங்க் பண்ட் ரோடு இன்னும் இருக்கு. ஏரிக்கரை ரோடுன்னு அர்த்தம். கரையும் இல்ல, ஏரியும் இல்ல.

அதனால ஏரியைக் காப்பாத்தணும்னு சொல்றவங்க கட்சிதான் நானும். ஆனா அந்த அக்கா மாதிரி, காசு கொடுத்து மனை வாங்கி இருபது வருஷமா குடியிருக்கிறவங்ககிட்ட பேசும்போது, முதல்ல அவங்களுக்குப் புரியற வார்த்தையில பேசணும். ஏரின்னு ஒரு வார்த்தை அந்தப் பேப்பர்ல இருந்திருந்தா, யாரையும் கேட்காம அவங்களே புரிஞ்சுக்கிட்டிருப்பாங்க.

உங்ககிட்டயும் யாராவது இப்படிப் பேப்பரை நீட்டுவாங்க. நாமதானே இங்கிலீஷ் தெரிஞ்ச பசங்க. ஆப்ல போடுங்க, தப்பில்ல. ஆனா முழு வரியையும் ஒரு தடவை நீங்களே படிங்க. அப்புறம், உங்க ஊர்ல ஏரிக்கு என்ன பேர்னு வீட்ல பெரியவங்ககிட்ட கேட்டு, எனக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.