பழைய கணினிக்கு இலேசான சாளர மேலாளர்



நம் வீடுகள் சிலவற்றில் பழைய கணினி ஒன்று மூலையில் கிடப்பதுண்டு. அண்ணன் படித்து முடித்தபின் தங்கைக்கு வந்ததாக இருக்கலாம். யாரோ பயன்படுத்தியதைக் குறைந்த விலைக்கு வாங்கியதாகவும் இருக்கலாம். விசையை அழுத்திவிட்டு நெடுநேரம் காத்திருக்க வேண்டும். இந்த நிலையில், விண்டோஸ் 10க்கு அளிக்கப்பட்டுவந்த வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. பழைய கணினிகள் பலவற்றுக்கு விண்டோஸ் 11 பொருந்தாது. பிள்ளையின் பாடத்துக்காகப் புதியது வாங்கக் கடன்படத்தான் வேண்டுமா? அதற்கு முன் செய்து பார்க்கத்தக்க ஒரு வழியை இன்று நாம் அறிந்துகொள்வோம்.

1991இல் தோன்றிய லினக்ஸைப் பற்றிச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைக் கட்டணமின்றிப் பெறலாம். திரையில் காணும் பகுதிகளைத் தனித்தனியே மாற்றிக்கொள்ள முடிவது அதன் தனிச்சிறப்பு. அவற்றுள் இரண்டை நாம் பிரித்தறிய வேண்டும். ஒன்று டெஸ்க்டாப் சூழல்; மற்றொன்று சாளர மேலாளர்.

தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். அலுவலகம், ஸ்டோர், ஆலை எல்லாம் சேர்ந்தது தோட்டம். பெரட்டில் ஆட்களை நிறுத்தி, இன்னாருக்கு இந்த நிரை என்று பிரித்துக் கொடுப்பவர் மண்டோர். பட்டியல், கோப்பு அலமாரி, ஒலி, இணைய இணைப்பு ஆகிய அனைத்தும் அடங்கிய டெஸ்க்டாப் சூழல் தோட்டத்தைப் போன்றது. எந்தச் சாளரம் எங்கே நிற்பது, எது முன்னே வருவது என்று பார்த்துக்கொள்ளும் சாளர மேலாளர் மண்டோரைப் போன்றது. மண்டோர் மாறினால் தோட்டம் மாறிவிடுவதில்லை அல்லவா?

1984இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கழகத்தில் பிறந்த எக்ஸ் என்னும் திரை அமைப்பே இதற்கு வழிசெய்தது. அதில் சாளர மேலாளர் தனி நிரலாகவே இயங்கும்.

எடுத்துக்காட்டாக, எக்ஸ்எஃப்சிஇ என்னும் எளிய சூழலைக் கொள்வோம். ஓப்பன்பாக்ஸ் என்னும் இலேசான சாளர மேலாளரை நிரல் பட்டியலிலிருந்து நிறுவுங்கள். பின் ஆல்ட் விசையுடன் எஃப்2 விசையை அழுத்தினால் சிறு பெட்டி தோன்றும். அதில் ஓப்பன்பாக்ஸ் என ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சிறு கோடுகளும் அவற்றை ஒட்டி ரிப்பிளேஸ் என்ற சொல்லும் இட்டு அனுப்புங்கள். சாளரங்களின் தலைப்புப் பட்டை மாறும். மற்றவை இருந்தபடியே இருக்கும். பிடிக்கவில்லையானால், ஓப்பன்பாக்ஸ் பெயருக்குப் பதில் எக்ஸ்எஃப்டபிள்யூஎம்4 என்று இட்டு அதே கட்டளையைக் கொடுங்கள். பழைய மேலாளர் திரும்பிவிடுவார்.

இழப்பும் உண்டு. சாளர நிழல், ஒளி ஊடுருவும் தோற்றம் போன்ற அலங்காரங்களை ஓப்பன்பாக்ஸ் செய்யாது. சில கணினிகளில் படம் ஓடும்போது திரையில் கீறல் போலத் தோன்றலாம். எக்ஸ்எஃப்சிஇயின் சாளர அமைப்புகளில் செய்த மாற்றங்களும் ஓப்பன்பாக்ஸுக்குச் செல்லா.

ஒன்றை நன்றாக மனத்திற் கொள்ளுங்கள். எக்ஸ்எஃப்சிஇயின் சொந்த மேலாளரும் இலேசானதே. ஆகவே அதை மாற்றுவதால் மட்டும் பெரிய வேகம் வந்துவிடாது. கனமான சூழலை விட்டு இத்தகைய எளிய சூழலுக்கு வருவதில்தான் பெரும்பயன் இருக்கிறது. பழைய கணினியின் நினைவகத்தைப் பெரிதும் விழுங்குவது இணைய உலாவியே. பத்துப் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு சாளர மேலாளரைக் குறைகூறிப் பயனில்லை. மாற்றுவதற்கு முன்னும் பின்னும் நினைவகம் எவ்வளவு செலவாகிறது என்று பார்த்து ஒப்பிடுங்கள்.

வேலாண்டு என்னும் புதிய திரை அமைப்பில் இம்முறை செல்லாது. அங்கே சாளர மேலாண்மையும் திரை வரைதலும் ஒரே நிரலின் வேலை. நுழையும் திரையில் எக்ஸ் அமர்வைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

நிறைவாக, லினக்ஸை நிறுவுமுன் பிள்ளைகளின் பாடக் கோப்புகளையும் குடும்பப் படங்களையும் வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். நிறுவாமலேயே யுஎஸ்பி குச்சியிலிருந்து இயக்கிப் பார்க்கும் வசதியும் உண்டு. அதில் ஒலி, இணையம், தட்டச்சு மூன்றும் சரியாக இருந்தால் துணிந்து இறங்கலாம். புதிய கணினிக்கென எடுத்து வைத்த பணம் பிள்ளையின் வேறு படிப்புச் செலவுக்கு உதவட்டும்.