கரஸில் படித்த டீச்சரும் டெல்லிக்குப் போன அதிகாரியும்

எனக்குப் பின்னால் தெரிகிற சாலை திருப்பூரிலிருந்து பல்லடத்துக்குப் போவது. நான் நிற்கிற இடம் அருள்புரம். மணி காலை எட்டே கால். டிபன் பையோடு கம்பெனி வேனில் ஏறுகிறவர்கள், மொபெட்டில் பறக்கிறவர்கள், ஒரு கையில் பிள்ளையின் புத்தகப் பை, இன்னொரு கையில் தன்னுடைய தூக்குப்போசி என்று ஓடுகிற அம்மாக்கள். எட்டரைக்கு ஷிப்ட். பள்ளி மணி அடிப்பது அதற்குப் பிறகுதான். அதனால் சில பிள்ளைகள் கேட் திறப்பதற்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்திருக்கும்.

இந்த ஊரில் பனியன் கம்பெனி ஆபீசில் சம்பளக் கணக்குப் போடுகிற ஒருவரிடம் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "பி.காமுங்க" என்பார். அரை நொடி நிறுத்துவார். பிறகு குரலைக் கொஞ்சம் தணித்து, "கரஸ்ல" என்பார். கரஸ்பாண்டென்ஸ், அதாவது அஞ்சல் வழியில். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு ராத்திரி கண் எரிய எரியப் படித்தவர் எதற்காகக் குரலைத் தணிக்க வேண்டும்? கேட்கிற நானும் எம்.ஏ. அப்படித்தான் முடித்தேன். அந்த அரை நொடி நானும் பல வருடம் நிறுத்தியிருக்கிறேன்.

இன்றைக்குச் சொல்லப்போவது அந்தக் கரஸின் கதை. அதிலும் ஒரு ஓரத்துக் கதை. பள்ளிக்கூடத்தை எத்தனை மணிக்குத் திறப்பது, எந்த மொழியில் நடத்துவது, யாரை எந்த வகுப்பில் சேர்ப்பது என்று முடிவு செய்கிறார்களே, கல்விக் கொள்கை என்று அதற்குப் பெயர். வேலையில் இருந்துகொண்டே அதைப் படிக்க யாருக்கு வாய்த்தது, யாருக்கு வாய்க்கவில்லை என்பதுதான் விஷயம்.

தபாலில் பாடம் அனுப்பும் யோசனை தபால்தலையோடு பிறந்தது. 1840-ல் இங்கிலாந்தில் நாடு முழுக்க ஒரே தபால் கட்டணம், ஒரு பென்னி என்று வந்தது. உடனே ஐசக் பிட்மன் சுருக்கெழுத்துப் பாடங்களைச் சின்ன அட்டைகளில் எழுதி அனுப்பி, மாணவர்கள் எழுதி அனுப்பியதைத் திருத்தித் திருப்பி அனுப்பினார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போன தலைமுறைக்கு பிட்மன் என்பது ஆளின் பெயரென்றே தெரியாது, புத்தகத்தின் பெயர் என்றுதான் நினைத்திருப்பார்கள். 1858-ல் லண்டன் பல்கலைக்கழகம் இன்னொரு படி மேலே போனது. எந்தக் கல்லூரியிலும் சேராமல் தேர்வு மட்டும் எழுதிப் பட்டம் வாங்கலாம் என்றது. யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் 'லண்டன் பி.ஏ.' என்று சொல்லும்போது குரல் தணியாது, கவனித்திருக்கிறீர்களா? அதுவும் பெரும்பாலும் வெளிவாரிப் பட்டம்தான். நம் கணக்கில் கரஸ்!

1857-ல் தொடங்கிய நம்முடைய சென்னைப் பல்கலைக்கழகமும் லண்டன் மாதிரியில் வந்ததே. ஆரம்பத்தில் அது பாடம் நடத்தவில்லை. தேர்வு வைத்துப் பட்டம் கொடுத்தது, அவ்வளவுதான்.

இனி 1962-க்கு வந்துவிடலாம். இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆண்டு அது. ஒரே ஊரில், டெல்லியில், ஒரே வருடத்தில் இரண்டு கதவுகள் திறந்தன.

முதல் கதவு டெல்லிப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிக் கல்விப் பள்ளி. இந்தியாவில் தபாலில் பட்டப்படிப்பு அங்கேதான் தொடங்கியது, 900 பேரோடு. குமாஸ்தாக்கள், வீட்டை விட்டு வெளியே போக முடியாத பெண்கள், குறைந்த சம்பளக்காரர்கள் என்று கல்லூரி வாசலுக்கு வர வாய்க்காதவர்களுக்கான கதவு.

இரண்டாவது கதவுக்கு ஒரு முன்கதை உண்டு. 1960 தொடக்கத்தில் கராச்சியில் ஆசிய நாடுகள் கூடி, 1980-க்குள் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏழாண்டு இலவசக் கல்வி என்று திட்டம் போட்டன. போட்டாயிற்று, நடத்துவது யார்? எத்தனை பள்ளி, எத்தனை ஆசிரியர், எவ்வளவு பணம் என்று கணக்குப் போடத் தெரிந்த ஆட்கள் எந்த நாட்டிலும் போதிய அளவு இல்லை. அவர்களைப் பழக்குவதற்காக யுனெஸ்கோ டெல்லியில் ஒரு ஆசிய மையத்தை 1962-ல் தொடங்கியது. 1965-ல் அது நிறுவனமானது. பிறகு மத்திய அரசு ஏற்றுக்கொண்டு தேசியப் பணியாளர் கல்லூரி ஆக்கியது. 1979-ல் நீபா, அதாவது தேசியக் கல்வித் திட்டமிடல் மற்றும் நிர்வாக நிறுவனம் என்று பெயர் மாறியது. பலகையில் பெயர் எத்தனை தடவை மாறினாலும் உள்ளே போனவர்கள் மாறவில்லை. எல்லாரும் அதிகாரிகள்.

அந்த நாட்களில் யுனெஸ்கோவின் மேல்மட்டத்தில் இருந்த தமிழர் ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. 1910-ல் வேலூரில் பிறந்த மால்கம் ஆதிசேஷய்யா, 1963 முதல் 1970 வரை அதன் துணைத் தலைமை இயக்குநர். கல்விக்குச் செலவழிப்பதும் முதலீடுதான் என்று நாடு நாடாகப் போய்ப் பேசியவர். ஊர் திரும்பி, 1971-ல் சென்னை அடையாறில் வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார்.

நீபாவின் டிப்ளமோ ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு. மாவட்டக் கல்வி அதிகாரிகளுக்காக நடந்தது. ஆறு மாதம். முதல் மூன்று மாதம் டெல்லியில் வகுப்பு. அடுத்த மூன்று மாதம் சொந்த மாவட்டத்துக்குத் திரும்பி, அன்றாட வேலையைப் பார்த்துக்கொண்டே அங்கே உள்ள ஒரு சிக்கலை எடுத்து ஆராய்ந்து எழுத வேண்டியிருந்தது. என் மாவட்டத்தில் ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு பெண் பிள்ளைகள் ஏன் நின்றுபோகிறார்கள் என்று ஒருவர் எடுத்தால், அவருடைய மேசைக் கோப்பே பாடப்புத்தகம் ஆகிவிடும். படிப்பும் பிழைப்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்வது இப்படித்தான். ஆனால் இந்த இருக்கை அதிகாரிக்கு மட்டும்.

டீச்சருக்கு? டீச்சருக்கு முதல் கதவு.

1964 முதல் 1966 வரை வேலை செய்த மத்திய அரசின் கோத்தாரிக் கல்விக் குழு, 1986-க்குள் உயர்கல்வி மாணவர்களில் மூன்றில் ஒரு பங்கு பேராவது அஞ்சல் வழியிலும் மாலைக் கல்லூரிகளிலும் படிக்கலாம் என்று சொன்னது. தமிழ்நாட்டில் அஞ்சல்வழிக் கல்வியை 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகம் ஆரம்பித்தது, 1979-ல் அண்ணாமலை, 1981-ல் சென்னை. 1985-ல் டெல்லியில் இக்னோ என்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்தது. 2002-ல் நமக்கென்று தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். அதன்பிறகு தபால்காரர் கொண்டுவந்த பழுப்புக் கட்டுகள் எத்தனை வீட்டுப் பரணில் கிடக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை கான்டாக்ட் கிளாஸ், அரியர், மே மாதத்து வெயிலில் முன்பின் தெரியாத ஒரு ஊரில் தேர்வு மையம்.

அரசுப் பள்ளி ஆசிரியர்கள் இதில் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்ததற்குக் காரணம் ஆசை மட்டும் என்று சொன்னால் அவர்களே சிரிப்பார்கள். விதிக்கு உட்பட்ட மேல்படிப்பு முடித்தால் ஊக்க ஊதிய உயர்வு இருந்தது. 2020 மார்ச்சில் அதை ரத்து செய்து அரசாணை வந்தது; பிறகு ஒரே தவணையாக ஒரு தொகை என்று மாற்றினார்கள். பணத்துக்காகப் படிப்பதில் எனக்கொரு குறையும் தெரியவில்லை. திருப்பூரில் நின்றுகொண்டு அதைக் குறை சொன்னால் ஊர் கேட்காது. எனக்குள்ள குறை பாடத்தைப் பற்றியது. கல்விக் கொள்கை அந்தக் கரஸ் புத்தகங்களில் எப்படி வந்தது தெரியுமா? ஹண்டர் குழு 1882. சார்ஜென்ட் திட்டம் 1944. லட்சுமணசாமி முதலியார் குழு 1952. கோத்தாரி 1964. அடுத்து 1968, 1986 கொள்கைகள். ஆண்டும் பரிந்துரையும் மனப்பாடம், பத்து மதிப்பெண். இருபது வருடம் வகுப்பறையில் நின்ற ஒருவரிடம், நீ பார்த்தது என்ன என்று அந்தக் கேள்வித்தாள் கேட்டதே இல்லை.

கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. நெ. து. சுந்தரவடிவேலு கொள்கைப் பட்டம் வாங்கியவர் கிடையாது. பள்ளி ஆய்வாளராக ஊர் ஊராகச் சுற்றியவர். 1954-ல் பொதுக்கல்வி இயக்குநர் ஆனார். பசித்த பிள்ளை பள்ளிக்கு வராது என்பதை ஆய்வேட்டிலா படித்தார்? 1956-ல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு வந்ததிலும், பிறகு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்க்காரர்களே பெஞ்சும் நிலமும் கொடுத்ததிலும் அந்தச் சுற்றல் தெரிகிறது. திருப்பூர்க்காரர் ஒருவரும் உண்டு: தி. சு. அவினாசிலிங்கம். பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண வித்யாலயத்தை நடத்திய அனுபவத்தோடுதான் 1946-ல் சென்னை மாகாணக் கல்வி அமைச்சரானார்.

இரண்டு கதவுக்கும் நடுவிலிருந்த சுவரில் ஓட்டை விழ 2006 ஆனது. அந்த ஆண்டு மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம் தொடக்கக் கல்வியில் ஒரு எம்.ஏ.வைத் தொடங்கியது. போபாலின் ஏகலவ்யா, ஜெய்ப்பூரின் திகந்தர் போலக் கிராமப் பள்ளிகளில் வேலை பார்த்த அமைப்புகள் கூடச் சேர்ந்தன. ஆசிரியரும் களப்பணியாளரும் வேலையை விடாமல் படிக்க முடிந்தது. சில வாரம் நேரில், மீதி வீட்டிலிருந்து. கொள்கை அங்கே தனிப்பாடம். அதே 2006-ல் நீபா நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. 2011-ல் பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் கல்வியில் முதுகலை தொடங்கியது. எல்லாம் நல்லதுதான். ஆனால் இக்னோவின் கல்வியியல் எம்.ஏ.வைக்கூட ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் படிக்க வேண்டும்.

சரி, அருள்புரத்துக்குத் திரும்புவோம். இந்தச் சாலையோர லைன் வீடுகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள் இருக்கின்றன. அப்படி ஒரு வீட்டிலிருந்து பதினோரு வயதுப் பையன் பள்ளிக்கு வருகிறான். 2009 கல்வி உரிமைச் சட்டம், வயதுக்கேற்ற வகுப்பில் சேர், தேவைப்படும் சிறப்புப் பயிற்சி கொடு என்கிறது. 2006 தமிழ் கற்றல் சட்டம், தமிழ் கட்டாயம் என்கிறது. இரண்டும் தனித்தனியே நியாயம். இரண்டும் சேர்ந்து அந்தப் பையன் மேல் இறங்கும்போது, ஒடியா தெரியாத டீச்சரும் தமிழ் தெரியாத பையனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்கென்று மாநிலக் கல்விக் கொள்கை வகுக்க நீதிபதி த. முருகேசன் குழு 2022-ல் அமைக்கப்பட்டது; 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. எந்தக் கொள்கையானாலும் கடைசியில் வந்து சேர்கிற இடம் இந்த பெஞ்சுதான்.

போன மாதம் இந்தப் பக்கத்துத் தொடக்கப் பள்ளி டீச்சர் ஒருவரைப் பார்த்தேன். எம்.ஏ. தமிழ், கரஸ்தான். ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் காட்டினார். இடது பக்கம் தேதி, வலது பக்கம் வராத பிள்ளைகளின் எண்ணிக்கை, ஓரத்தில் பென்சிலில் ஹோலி, சத் பூஜை, ஒடிசாவின் ரஜ திருவிழா. எந்தத் திருவிழாவுக்குப் போன பிள்ளை எத்தனை வாரம் கழித்துத் திரும்புகிறது, எது திரும்புவதே இல்லை என்று மூன்று வருடக் கணக்கு. எந்த ஆர்டருக்கு எந்தக் கம்பெனியில் நைட் ஷிப்ட் ஓடியது என்றுகூட இரண்டு இடத்தில் குறித்திருந்தார். நைட் ஷிப்ட் வந்தால் அக்காக்கள் தம்பி பாப்பாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடுவார்களாம்.

"டீச்சர், இதை வச்சே இன்னொரு எம்.ஏ. எழுதலாமே" என்றேன்.

"இதெல்லாம் ஒரு சப்ஜெக்டுங்களா?" என்று நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.